ஏத்தங்காய் பொடி: குமரிக் குழந்தையின் முதல் உணவுக்கு எத்தனை மார்க்?

களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை, சோறூட்டு முடிந்த கையோடு வீட்டுக்குள் வந்து சேரும் டப்பா ஒன்று உண்டு. அதுதான் ஏத்தங்காய் பொடி. மற்ற மாவட்டத்துக்காரர்கள் நேந்திரங்காய் மாவு என்பார்கள். ராகியும் டப்பா சீரியலும் (டப்பாவில் விற்கும் குழந்தைத் தானிய உணவு) வந்த பிறகும் அம்மா வீட்டுச் சீதனம் போல இது வந்துகொண்டேதான் இருக்கிறது. வடசேரி, மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் இப்போது பாக்கெட்டிலும் கிடைக்கிறது. சுயஉதவிக் குழுக்களும் வீட்டில் அரைத்து விற்பவர்களும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார்கள்.

பொடி நல்ல பொடிதான். ஆனால் அது சோறு மாதிரி. சோற்றை மட்டும் வைத்துவிட்டு யாரும் இலையை மடிப்பதில்லை, கறி வேண்டும். ஏத்தங்காய் பொடியால் எடை ஏறவில்லை, மலம் கட்டிக்கொண்டது, பிள்ளை வெளிறிப் போனது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை, கறி இல்லாமல் சோறு மட்டும் போட்டதன் விளைவு. பத்துக்கு ஆறு மார்க் கொடுக்கலாம். மீதி நாலு மார்க் சமைக்கிறவர் கையில்.

முதலில் பொடியின் தரம். முற்றிய, ஆனால் பழுக்கத் தொடங்காத காய் வேண்டும். காயின் விளிம்புகள் கூர்மையாக இருந்தால் இன்னும் பிஞ்சு. விளிம்பு மழுங்கி உருண்டு வந்தால் சரியான பருவம். பிஞ்சில் மாவுச்சத்து குறைவு, துவர்ப்பு அதிகம். பழுக்கத் தொடங்கிய காயில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும். அந்தப் பொடி ஈரம் இழுத்துக் கட்டிபிடிக்கும். தோல் சீவியதும் தண்ணீரில் போட்டு, 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளாக அரிய வேண்டும். கனமாக அரிந்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். பூஞ்சை பிடிப்பது அங்கேதான். நல்ல வெயிலில் 3 முதல் 4 நாள் காய வேண்டும். சாயங்காலம் பனி விழுவதற்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். வில்லையை ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள். மிக்ஸியில் அரைத்த சூட்டோடு பாட்டிலில் அடைத்தால் ஆவி உள்ளேயே தங்கிப் பொடி கெட்டுப்போகும். சலித்து, பரப்பி, நன்றாக ஆறவிட்டுத்தான் அடைக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, பின்னாலேயே அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களில் வெயிலில் காயவைத்ததாகச் சொல்லி வரும் பொடியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. மின் உலர்த்தியில் காயவைத்ததா, வெயில் காலத்தில் செய்து வைத்த இருப்பா என்று கேளுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் செய்து காற்றுப்புகாத பாத்திரத்தில் வைத்தது என்றால் நல்ல சரக்கு. முகர்ந்தால் உலர்ந்த வைக்கோல் வாசம் வர வேண்டும். நனைந்த சாக்கு வாசம் வந்தால் வாங்கக் கூடாது, வாங்கிவிட்டால் கொட்டிவிட வேண்டும். வறுத்தாலும் காய்ச்சினாலும் பூஞ்சை விட்டுச்சென்ற நஞ்சு முழுதாகப் போகாது.

நிறம் பலரை ஏமாற்றும். நல்ல பொடி பளீர் வெள்ளையாக இருக்காது. வெளிர் பழுப்பு, சில சமயம் சாம்பல் பூத்த நிறம். காய்ச்சும்போது இன்னும் கருக்கும். அதைப் பார்த்துப் பயந்து வெள்ளைப் பொடியைத் தேடிப் போகிறவர்கள் கந்தகப் புகையோ வேறு மாவோ சேர்ந்ததைத் தேடிப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். விலையில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ காயில் தோல் போய், ஈரம் போய், கையில் நிற்பது 200 முதல் 250 கிராம் பொடி. கால் கிலோ பொடியின் விலை அன்றைய ஒரு கிலோ ஏத்தங்காய் விலையைவிடக் குறைவாக இருந்தால், மீதி எடைக்கு மரச்சீனி (மரவள்ளி) மாவோ மைதாவோ இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

பாக்கெட்டில் வாங்கினால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், தயாரித்த தேதி, உள்ளடக்கம் மூன்றையும் பாருங்கள். உள்ளடக்கத்தில் ஏத்தங்காய் மட்டும் இருப்பது நல்லது. பாதாம், முந்திரி, கோதுமை, ஏலக்காய் என்று பத்துப் பொருள் கலந்த ‘ஹெல்த் மிக்ஸ்’ முதல் உணவுக்கு ஆகாது. குழந்தைக்கு ஒவ்வாமையால் தோலில் தடிப்பு வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று: 1992-ம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தை உணவு என்று விற்கும் எந்தப் பொட்டலத்திலும் குழந்தையின் படமோ தாயின் படமோ போடக் கூடாது. கொழுகொழு குழந்தை சிரிக்கும் பாக்கெட்டைப் பார்த்தால், தயாரிப்பவருக்குச் சட்டம் தெரியவில்லை அல்லது தெரிந்தும் கவலையில்லை. இரண்டுமே நல்ல அறிகுறி அல்ல.

இனி அடுப்படி. 10 கிராம் பொடி, அதாவது 5 மி.லி. ஸ்பூனால் தலை தட்டி மூன்று ஸ்பூன். அதை 120 மி.லி. பச்சைத் தண்ணீரில் முதலில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் பொடியைத் தூவினால் ஒவ்வொரு உருண்டைக்கும் வெளியே பசை மூடிக்கொண்டு உள்ளே மாவு பச்சையாக நிற்கும். கரைத்ததைச் சிறு தீயில் வைத்து, அடி விடாமல் கிளறிக்கொண்டே 8 முதல் 10 நிமிடம் குறுக்க வேண்டும். கெட்டியானதும் இறக்கிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. கெட்டியாவது வேறு, வேகுவது வேறு. பச்சை வாடை போய், மேலே பளபளப்பு வந்த பிறகும் இரண்டு நிமிடம் விட வேண்டும். வேகாத காய் மாவு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். ராத்திரி வயிறு உப்பிக் குழந்தை அழுவதற்கு அது ஒரு காரணம். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் மெல்ல விழ வேண்டும், அதுதான் பதம். ஆறினால் இன்னும் இறுகும். அப்போது கொதித்து ஆறிய தண்ணீரையோ பிழிந்தெடுத்த தாய்ப்பாலையோ கொஞ்சம் விட்டு இளக்கலாம். மிச்சத்தை மதியத்துக்கு எடுத்து வைக்க வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த கஞ்சி கிருமிக்குத்தான் விருந்து.

சிக்கல் தொடங்குவது இந்தக் கிண்ணத்தில்தான். 10 கிராம் பொடியில் சுமார் 34 கலோரி. குறுக்கியதும் அது 90 மி.லி. கஞ்சி ஆகிறது. அதே 90 மி.லி. தாய்ப்பாலில் ஏறத்தாழ 60 கலோரி. ஆக, வெறும் தண்ணீரில் காய்ச்சிய பொடியால் வயிற்றை நிரப்பினால், அதைவிடச் சத்தான பாலை வெளியே தள்ளிவிட்டு இடத்தை அடைத்திருக்கிறோம். 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக ஒரு நாளைக்கு சுமார் 200 கலோரி வெளி உணவிலிருந்து வேண்டும். பொடியை மட்டும் வைத்து அதை எட்ட 60 கிராம் வேண்டும். கஞ்சியாக அரை லிட்டருக்கு மேல் வரும். 7 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது சுமார் 200 மி.லி. அந்த 60 கிராமிலும் புரதம் 2 கிராம் அளவுக்குத்தான் தேறும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. இரும்புச் சத்தோ பேருக்குத்தான்.

தீர்வு வீட்டிலேயே இருக்கிறது. இறக்கிய கஞ்சியில் 5 மி.லி. தேங்காய் எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் 40 கலோரி கூடும். கிண்ணத்தின் சத்து அங்கேயே இரட்டிப்பாகிவிட்டது. முதல் மூன்று நாள் வெறும் பொடி, அதன் பிறகு இந்த எண்ணெய். அடுத்த மூன்று நாள் குழைய வேகவைத்து மசித்த சிறுபயறு இரண்டு ஸ்பூன். பிறகு நன்றாக அவித்த முட்டை, முதலில் கால் பங்கு. ஒவ்வொரு புதுப் பொருளுக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டால் ஒவ்வாமை இருந்தால் தெரியும். தோலில் தடிப்பு மட்டும் என்றால் அந்தப் பொருளை நிறுத்தி டாக்டரிடம் கேட்கலாம். உதடு வீங்குவது, மூச்சு இரைப்பது, திரும்பத் திரும்ப வாந்தி என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

மீன் விஷயத்தில் குமரி மாவட்டத்துக்கு எந்த ஊரும் போட்டிக்கு வர முடியாது. குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் இறங்கும் சாளையும் நெத்தோலியும் விலை குறைந்தவை, இரும்பும் நல்ல கொழுப்பும் உள்ளவை. ஆவியில் அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, 15 கிராம் அளவு மசித்துக் கஞ்சியில் கலக்கலாம். பல்லில்லாத குழந்தைக்கு மீனா என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஏழாம் மாதத்திலிருந்து கொடுக்கலாம், தப்பே இல்லை. கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு அதிகம். வாரம் ஒன்றிரண்டு முறை ஒரு ஸ்பூன் அளவு வேகவைத்த கோழி ஈரல் கொடுத்தால் இரும்புக்கு அதைவிடச் சுலப வழி இல்லை. சைவ வீடு என்றால் பயறோடு ஒரு ஸ்பூன் ஆரஞ்சுச் சாறோ மசித்த பப்பாளியோ சேர்த்துக் கொடுங்கள், வைட்டமின் சி இல்லாமல் பயறின் இரும்பு உடம்பில் சரியாக ஏறாது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மி.லி. வீதம் அரசு தரும் இரும்புச் சத்து சிரப்பையும் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மி.லி.யில் 20 மி.கி. இரும்பு இருக்கிறது. மலம் கறுப்பாகப் போகும், அது இயல்பு. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள நாட்களில் நிறுத்திவைக்கலாம்.

சேர்க்கக் கூடாதவை மூன்று. ஒன்று கருப்பட்டியும் பனங்கற்கண்டும். இரும்பு இருக்கிறது என்ற பேரில் போடுகிறார்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு அது சர்க்கரைதான். இனிப்புப் பழகிய நாக்கு அடுத்த மாதம் பயறைத் துப்பும். இரண்டு, தேன். மார்த்தாண்டம் தேன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒரு வயது முடியும் வரை ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கித் தசைகளைத் தளரச் செய்யும். கஞ்சியில் போட்டுச் சூடாக்கினாலும் வித்து சாகாது. மூன்று, பசும்பாலில் முழுதாகக் காய்ச்சுவது. ஒரு வயதுக்கு முன் பசும்பால் முக்கிய உணவானால் இரத்தசோகை கதவைத் தட்டக்கூடும். ஒரு வயதுக்குப் பிறகும் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். கட்டன் சாயாவில் ரஸ்க் நனைத்து ஊட்டும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது.

நாலாம் மாதத்திலேயே பொடியைக் கரைத்து, ஃபீடிங் பாட்டில் நிப்பிளின் ஓட்டையை ஊசியால் பெரிதாக்கிக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. ‘பால் போதல, அழுது’ என்பதுதான் காரணம். பால் போதுமா என்பதற்கு அழுகை அளவுகோல் அல்ல, சிறுநீர்தான் அளவுகோல். 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கு மேல் நன்றாக நனைத்து, எடையும் ஏறினால் பால் போதும். மாவுச்சத்தைச் செரிக்கும் கணையநீர் ஆறு மாதத்துக்கு முன் மிகக் குறைவு. பாட்டிலில் ஊற்றிய கஞ்சியில் இரண்டு ஆபத்து கூடுதல்: நிப்பிளின் மடிப்பில் தங்கும் அழுக்கு, புரையேறுவது. தலை நிலையாக நிற்கிறதா, தாங்கிப் பிடித்தால் உட்காருகிறதா, ஸ்பூனை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்கிறதா, இவைதான் சோறூட்டுக்கு நாள் குறிக்கும் அடையாளங்கள்.

மலச்சிக்கல்தான் இந்தப் பொடியின் மேல் வரும் முதல் குற்றச்சாட்டு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போனாலும் மலம் இளக்கமாக இருந்தால் அது சிக்கல் அல்ல. ஆட்டுப் புழுக்கை போல உருண்டையாக, முக்கி அழுதுகொண்டு போனால்தான் கவனிக்க வேண்டும். அப்போது பொடியை நாளுக்கு ஒரு வேளையாகக் குறைத்து, எண்ணெயைச் சேர்த்து, பழுத்த பப்பாளி இரண்டு ஸ்பூன், சாப்பாட்டோடு 30 முதல் 60 மி.லி. கொதித்து ஆறிய தண்ணீர். ஒரு வாரத்தில் சரியாகவில்லை, வயிறு வீங்குகிறது, மலத்தில் இரத்தம் என்றால் டாக்டர். சோப்புத் துண்டும் வெற்றிலைக் காம்பும் ஆசனவாயில் வைப்பதை விட்டுவிடுங்கள், தோல் கிழியும், பிறகு குழந்தை பயத்திலேயே மலத்தை அடக்கும்.

வயிற்றுப்போக்கில் இதே குணம் நல்லதாக மாறுகிறது. காய் மாவில் சிறுகுடலில் செரிக்காத ஒரு பங்கு உண்டு. பெருங்குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா அதைக் கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அவை உப்பையும் தண்ணீரையும் உறிஞ்ச உதவும். டாக்காவில் நாள்பட்ட பேதி உள்ள குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் கொடுத்துப் பார்த்து, பேதி குறைந்ததை 2001-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். ஆனாலும் பொடி மருந்து ஆகாது. ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி., ஆறு மாதத்துக்கு மேல் என்றால் துத்தநாகம் தினம் 20 மி.கி. 14 நாள், இவற்றோடுதான் பொடி. ஓஆர்எஸ் பாக்கெட்டில் பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மி.லி.க்கு. பெரிய பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பின் அளவு தாறுமாறாகும். கண் குழிந்து, சோர்ந்து, குடிக்க மறுத்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும்.

எட்டாம் மாதத்துக்கு மேலும் வழவழப்பாக அரைத்த கஞ்சியையே கொடுப்பது இன்னொரு பிழை. பத்து மாதம் தாண்டியும் கரடுமுரடான உணவைப் பார்க்காத குழந்தை பிறகு சோற்றுப் பருக்கை பட்டாலே ஓங்கரிக்கும். ஒன்பதாம் மாதம் பொடியை ஓரங்கட்டி, அவித்த ஏத்தம்பழத்துக்கு மாறலாம். நடுவில் ஓடும் கறுப்பு விதைப் பகுதியைக் கீறி எடுத்துவிட்டு, விரல் நீளத்துக்கு அரிந்து குழந்தை கையிலேயே கொடுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிப்பழமும் மசித்துக் கொடுக்க அருமையானது. பழம் தின்ற மறுநாள் மலத்தில் கறுப்பு நூல் நூலாகத் தெரியும். புழு என்று பதறிப் பூச்சி மருந்து கேட்டு ஓட வேண்டாம், அது பழத்தின் நார். நெளிந்தால்தான் புழு. ஏத்தங்காய் சிப்ஸ் மட்டும் நாலு வயது வரை எட்டாத உயரத்தில் இருக்கட்டும், தொண்டையில் சிக்கும்.

போட்டிப் பொருட்கள் பற்றிச் சில வார்த்தை. டப்பா சீரியலில் இரும்பு செறிவூட்டப்பட்டிருக்கும், அதுதான் அதன் பலம். சேர்த்த சர்க்கரை பற்றி 2024-ல் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது. அங்கன்வாடியில் இலவசமாகத் தரும் இணை உணவு மாவில் தானியத்தோடு பருப்பும் சேர்ந்திருக்கிறது. அதை மாட்டுக்குக் கரைத்து ஊற்றிவிட்டு, விலை கொடுத்துப் பாக்கெட் வாங்கும் வீடுகள் ஒருமுறை கணக்குப் பார்க்கலாம். ராகிக்கும் ஏத்தங்காய்க்கும் சண்டை மூட்டத் தேவையில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றினால் போதும்.

பொடி ஒத்துக்கொள்கிறதா என்பதை எடைதான் சொல்லும். உலக சுகாதார நிறுவன அட்டவணையின் நடு அளவு ஆண் குழந்தைக்கு ஆறு மாதத்தில் 7.9 கிலோ, ஒன்பதில் 8.9, பன்னிரண்டில் 9.6. பெண் குழந்தைக்கு 7.3, 8.2, 8.9. இந்த எண்ணுக்குக் கீழே இருப்பதாலேயே குறை என்று அர்த்தமில்லை. தாய் சேய் நல அட்டையில் மாதாமாதம் புள்ளி வைத்து, கோடு மேலே போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து கோடு படுத்துக்கிடந்தால் பொடியின் பிராண்டை மாற்றிப் பயனில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஒரு வயது முடிந்து டப்பாவில் பொடி மிச்சமிருந்தால் பாதிக்குப் பாதி அரிசி மாவு கலந்து, தேங்காய்த் துருவல் போட்டுப் புட்டு அவியுங்கள். தண்ணீரை வழக்கத்தைவிடக் குறைத்துத் தெளிக்க வேண்டும், ஏத்தங்காய் மாவு சீக்கிரம் குழையும். சிறுபயறு கறியோடு வீடு முழுக்கச் சாப்பிடலாம், குழந்தைக்கும் அதே தட்டிலிருந்து ஒரு பிடி.